எடைத் தம்பி வீட்டைப் பார்த்துக்கொண்டோம்

கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவளுக்குப் பொறுமை அதிகம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். சுத்தப் பொய். நாள் முழுக்கப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, எனக்கென்று காலடியில் வைத்திருக்கும் தனி பிரேக்கை மிதித்து மிதித்து, கையிருப்பில் இருந்த பொறுமையும் தேய்ந்துவிட்டது. வீட்டுக்கு வந்தால் யாராவது என்னிடம் பேசாமல் இருந்தால் போதும் என்றிருக்கும். வீட்டிலோ மாமியார் ஒரு அறையில் டிவி, கணவர் இன்னொரு அறையில் டிவி. எங்கள் கட்டடத்திலேயே சத்தம் போடாத ஆள் எதிர் வீட்டு எடைத் தம்பி ஒருவர்தான். வீட்டு ஓனர் காலி பண்ணச் சொன்னது அவரைத்தான்.

எடைத் தம்பி என்பது நாங்கள் வைத்த பெயர். சரக்கு லாரிகளை ஏற்றி எடை பார்க்கும் எடைமேடை ஒன்றில் அவருக்கு வேலை. கண்ணாடி அறையில் உட்கார்ந்து, திரையைப் பார்த்து, "அதிகமா இருக்கு, கொஞ்சம் இறக்குங்க" என்று மைக்கில் சொல்ல வேண்டும். லாரிக்காரர்கள் வாய்க்கு வந்தபடி திட்டுவார்களாம். இவர் பதிலுக்கு ஒரு வார்த்தை பேசமாட்டாராம். எதைப் பார்த்தாலும் அது எவ்வளவு கனம் இருக்கும் என்று அவருக்குத் தெரிந்துவிடும். படியில் என்னைப் பார்க்கும்போதெல்லாம் அவர் தலையைக் குனிந்துகொண்டு போனதற்கு அதுதான் காரணம் என்று என் கணவர் சொல்வார். மரியாதை என்று நான் சொல்வேன்.

அந்த வருடம் தம்பிக்குத் தூக்கம் போய்விட்டது. முதலில் அது எங்களுக்குத் தெரியவில்லை. படியில் நிறுத்தி, "அக்கா, உங்க பீரோ இரும்பா, மரமா?" என்று கேட்டார். மேல்வீட்டுக் கேஷியர் மாமாவிடம் ஃபிரிட்ஜைப் பற்றி விசாரித்தார். மாமா ஒரு வங்கியில் கேஷியராக இருந்து ஓய்வு பெற்றவர். எதைக் கேட்டாலும் வேடிக்கையாகப் பதில் சொல்லியே ஆகவேண்டும் அவருக்கு. "எங்க வீட்டுல ரொம்ப கனமான பொருள் உங்க அத்தைதான் தம்பி" என்றார். நாங்கள் எல்லோரும் சிரித்தோம். தம்பி சிரிக்கவில்லை, மனதுக்குள் கூட்டிக்கொண்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பார்த்தால், அவருடைய கட்டில், நாற்காலி, அடுப்பு, புத்தகங்கள் எல்லாம் தெருவில் இருந்தன. தம்பி என் வீட்டு வாசலில் நின்றார். சட்டையெல்லாம் வேர்வை.

"அக்கா, பாதியாவது இறக்கணும். இல்லன்னா உக்காந்துடும்."

"எது தம்பி?"

"கட்டடம்."

இதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் ஓனர் இந்தக் கட்டடத்தைப் பராமரிக்கிற அழகைப் பார்த்தவர்களுக்கு, அது உட்கார்ந்துவிடும் என்று யார் சொன்னாலும் நம்பத்தான் தோன்றும். கேஷியர் மாமா தன் டிவியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தெருவுக்கு இறங்கியே விட்டார். அத்தையை மேலேயே விட்டுவிட்டு டிவியோடு இறங்கியதை அத்தை இன்றுவரை மறக்கவில்லை.

அதற்குள் தம்பி கீழ்வீட்டிலிருந்த புதுசுகளின் பீரோவை மாடிப்படிக்கு இழுத்துவிட்டார். புதுசுகள் என்றால் புதிதாகக் கல்யாணமானவர்கள். மாப்பிள்ளையின் அப்பா, அம்மா, தங்கை, சித்தப்பா என்று ஒரு பட்டாளத்தோடு இருந்தார்கள். பதற்றத்தில் தம்பிக்கு மேல் எது, கீழ் எது என்றே புரியவில்லை. தெருவுக்குக் கொண்டுபோக வேண்டிய பீரோவை மேலே ஏற்றிக்கொண்டிருந்தார். பாதிப் படியில் கால் வழுக்கியது. பீரோ கைப்பிடிக் கம்பியை உடைத்துக்கொண்டு விழுந்தது. அவரும் விழுந்தார்.

நெற்றியில் ரத்தம். அதை அவர் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "சொல்றேன், யாரும் கேக்க மாட்டேங்கறீங்களே. எல்லாரும் செத்துப்போயிடுவீங்களே" என்று அழுதார். அவருக்குப் பயம் அவரைப் பற்றி இல்லை, எங்களைப் பற்றி. நான் படியில் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டேன். ஆம்புலன்ஸ் வந்ததும் அடம்பிடிக்காமல் ஏறிக்கொண்டார். ஏறும்போது மட்டும் சாவியை என் கையில் வைத்து, "வீட்டப் பாத்துக்கங்க அக்கா" என்றார்.

நாங்கள் அவருடைய சாமான்களைத் திரும்ப உள்ளே வைத்தோம். வெளியூரிலிருந்து அவருடைய அக்கா வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார். தூக்கம் வர மருந்து கொடுத்தார்கள், மனது அடங்க மருந்து கொடுத்தார்கள். நாளாகும், ஆனால் சரியாகும் என்று டாக்டர் சொன்னாராம்.

ஓனருக்கு அந்த நாளெல்லாம் பொறுக்கவில்லை. அவர் கெட்டவர் என்று சொல்லமாட்டேன். மெலிந்த மனிதர், எதற்கும் பயப்படுவார். பயந்தவர்கள் ஸ்டியரிங்கைப் பிடித்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். எதிரே ஆளே இல்லாவிட்டாலும் சட்டென்று திருப்பிவிடுவார்கள்.

"அந்தத் தம்பி இனிமே இங்க வேணாம்மா" என்றார் ஓனர், உடைந்த கம்பியைத் தடவியபடி.

"வாடகை ஒழுங்கா வருதுல்ல சார்? அவங்க அக்கா கட்டுறாங்கல்ல?"

"வருது. அதுக்கு என்ன? வீடு பூட்டியே கெடக்குதே. குடியிருக்கறவரு வீட்ட அம்போன்னு விட்டுட்டுப் போயிட்டா, ஓனர் எடுத்துக்கலாம்னு சட்டம் இருக்கு. சாமானெல்லாம் மூட்ட கட்டி அவங்க அக்கா வீட்டுக்கு அனுப்பிடறேன்."

"ஆஸ்பத்திரியில இருக்காரு சார்."

"அதான் சொல்றேன், இங்க இல்லல்ல?"

வாதம் என்றால் அப்படி ஒரு வாதம். எனக்கு வந்த கோபத்தில் காலடியில் பிரேக்கைத் தேடினேன். தம்பிக்கு இந்த வீட்டை விட்டால் வேறு வீடு கிடைக்காது. வேறு எந்த ஓனரும் விசாரிப்பார், விசாரித்தால் இந்த ஓனர் பீரோ கதையைச் சொல்வார், அதோடு முடிந்தது. அவருடைய அக்கா வீட்டில் ஏற்கெனவே இடமில்லை; அங்கிருந்து எடைமேடைக்கு வர பஸ்ஸும் இல்லை. வீடு போனால் வேலை போகும். இரண்டும் போனபிறகு ஒரு மனிதரிடம் போய், நன்றாகத் தூங்குங்கள் என்று எந்த டாக்டர் சொல்ல முடியும்?

மறுநாளே இலவசச் சட்ட உதவி மையத்துக்குப் போனேன். மாமாவும் கூடவே வந்தார். சட்டம் தனக்குத் தெரியும் என்று அவருக்கு ஒரு நம்பிக்கை. அங்கிருந்த வக்கீலம்மாவுக்கு ஜலதோஷம். மூக்கைத் துடைத்துக்கொண்டே தெளிவாகச் சொன்னார்.

"ஆஸ்பத்திரியில இருக்கறது வீட்ட விட்டுப்போனதா ஆகாது. திரும்பி வர எண்ணம் இருக்கு, வாடகை போகுது, சாமான் இருக்கு. ஓனரால தொட முடியாது. ஆனா அவரு கேஸ் போட்டாருன்னா, வீடு வீடா இருந்ததுன்னு காட்டறது நல்லது. யாராவது ஒருத்தர் அப்பப்ப போயி ஜன்னலத் திறந்து, தபால எடுத்து வெச்சி, பாத்துக்கங்க. போதும்."

போதும் என்ற அந்தக் கடைசி வார்த்தை மாமாவின் காதிலும் விழவில்லை, என் காதிலும் விழவில்லை.

முதல் வாரம் நான் மட்டும்தான் போனேன். ஜன்னலைத் திறந்தேன், கொஞ்சம் பெருக்கினேன், கிளம்புமுன் நாற்காலியில் ஒரு நிமிடம் உட்கார்ந்தேன். அடடா. டிவி இல்லை. "சாப்பாடு ஆச்சா?" என்று கேட்க ஆள் இல்லை. ஒரு நிமிடம் ஒரு மணி நேரமானது. மறுநாள் பிளாஸ்டிக் தொட்டி ஒன்றைக் கொண்டுபோய் வைத்து, வெந்நீர் நிரப்பி, பிரேக் மிதித்த காலை ஊறவைத்தேன். வீடு வீடாக இருக்க வேண்டுமல்லவா? எல்லாம் தம்பிக்காகத்தான்.

மாமா மோப்பம் பிடித்துவிட்டார். "நீ ஒருத்தியே கஷ்டப்படறியேம்மா, நான் மத்தியானம் பாத்துக்கறேன்" என்றார். அத்தை வேண்டாம் என்று ஒதுக்கிவைத்திருந்த பழைய சோபாவை இறக்கிக்கொண்டு வந்து போட்டார். பேப்பர் வந்தது, ரேடியோ வந்தது. மத்தியானத்தில் அந்த வழியாகப் போனால் வீட்டுக்குள்ளிருந்து குறட்டை கேட்கும். வீட்டில் ஆள் இருக்கிறது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேறென்ன வேண்டும் என்று மாமா கேட்டார்.

அப்புறம் புதுசுகள். சாயங்காலம் தாங்கள் பார்த்துக்கொள்வதாக இருவரும் சேர்ந்து வந்து கேட்டார்கள். மாப்பிள்ளை பேசினான், பெண் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பட்டாளத்துக்கு நடுவில் அவர்களுக்குப் பேசிக்கொள்ளக்கூட ஒரு மூலை கிடையாது என்பது எல்லோருக்கும் தெரியும். சாவியைக் கொடுத்தேன். அவர்கள் வீட்டை எவ்வளவு பார்த்துக்கொண்டார்களோ தெரியாது, ஒருவரை ஒருவர் நன்றாகப் பார்த்துக்கொண்டார்கள். ஜன்னலுக்குப் பூப்போட்ட திரை வந்தது. ஆளுயரக் கண்ணாடி வந்தது. பால்கனியில் துணி காய்ந்தது. பழைய பயிற்சிப் பள்ளிச் சாலைக்குறிப் பலகைகளை வைக்க என் வீட்டில் இடமில்லாமல் இருந்ததால், அவற்றையும் அங்கே சுவரோரம் சாய்த்து வைத்தேன். நேரப்படி ஆள் மாறினோம். ஒருவருக்கொருவர் சண்டைகூட வந்தது. "மாமா, ஆறு மணி ஆயிடுச்சு, எழுந்திரிங்க" என்று புதுப்பெண் கதவைத் தட்டியதை நானே கேட்டேன்.

ஓனர் வந்தது நல்ல மத்தியானத்தில். சொல்லாமல் வந்தார், தன்னிடமிருந்த மறுசாவியால் திறந்தார், வீடு பார்க்க ஒரு ஆளையும் கையோடு கூட்டி வந்திருந்தார். அன்றைக்குப் பார்த்து எனக்கு வகுப்பு ரத்தாகியிருந்தது. மாமா பனியனோடு சோபாவில் மல்லாந்திருந்தார். பால்கனியில் புதுசுகளின் போர்வை பறந்தது. பிறரெல்லாம் கையும் களவுமாகப் பிடிபடுவார்கள். நான் வெந்நீர்த் தொட்டியில் காலும் களவுமாகப் பிடிபட்டேன்.

ஓனர் எங்களைப் பார்த்தார். போர்வையைப் பார்த்தார். 'நுழையாதே' என்று எழுதிய என் சிவப்புப் பலகையைப் பார்த்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சியை நான் அதுவரை கண்டதில்லை.

"உள்வாடகை!" என்றார்.

சட்டப்படி, குடியிருப்பவர் ஓனருக்குத் தெரியாமல் வேறொருவருக்கு வீட்டை வாடகைக்கு விட்டால், அதற்காகவே அவரைக் காலி பண்ண வைக்கலாம். வீட்டை விட்டுப்போனார் என்று சொல்ல ஓனருக்கு வழியில்லாமல் இருந்தது. அதைவிடப் பெரிய வழியை நாங்களே தூசி தட்டி, திரைபோட்டு, திறந்து வைத்திருந்தோம். ஒரு வாரத்தில் வாடகை அதிகாரியிடமிருந்து விசாரணைக்கு அழைப்பு வந்தது. உள்வாடகை ஒரு குற்றம். மற்றவர்களுக்கு ஆபத்து என்பது இன்னொன்று.

வக்கீலம்மாவுக்கு ஜலதோஷம் போயிருந்தது. குரல் கணீரென்று வந்தது. "பாத்துக்கங்கன்னு சொன்னா, குடிபோயிடுவீங்களா?"

மாமா எதுவோ சட்டம் சொல்ல வாயெடுத்தார். நான் அவர் காலை மிதித்தேன். பழக்கதோஷம்.

அன்றிரவு நான் சாப்பிடவில்லை. தம்பி என்னை நம்பிச் சாவியைக் கொடுத்தார். ஓனரால் முடியாததை நாங்கள் செய்துமுடித்துவிட்டோமே என்று நினைத்தபோது, எதிர் வீட்டுப் பூட்டைப் பார்க்கவே எனக்கு வெட்கமாக இருந்தது.

விசாரணை அன்று காலையில்தான் தம்பியை ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பினார்கள். அக்காவோடு நேராக வாடகை அலுவலகத்துக்கே வந்து சேர்ந்தார். கன்னம் உப்பியிருந்தது. மருந்தினால் விரல் லேசாக நடுங்கியது. என்னைப் பார்த்ததும், "கொஞ்சம் ஏறிட்டேன் அக்கா" என்றார், வயிற்றைத் தொட்டு. உள்வாடகை விஷயத்தை நான் சொல்லத் தொடங்கினேன். "எங்க அக்கா சொன்னாங்க" என்று மட்டும் சொன்னார். கோபமா, வருத்தமா, ஒன்றும் தெரியவில்லை.

வெளி வராந்தாவில் காத்திருந்த நேரத்தில் எல்லோரும் அவருக்குப் புத்தி சொன்னோம்.

"அதிகம் பேசாதீங்க தம்பி" என்றார் மாமா. "ஆனா ஒண்ணுமே பேசாமலும் இருக்காதீங்க."

"சிரிச்ச முகமா இருங்கண்ணா" என்றாள் புதுப்பெண்.

"ரொம்பச் சிரிக்க வேணாம்" என்றான் மாப்பிள்ளை.

"கைய மடியில வெச்சுக்க. நடுங்கறது தெரியாது" என்றார் அவருடைய அக்கா.

"மறுபடியும் வருமான்னு கேட்டா, வராதுன்னு அடிச்சு சொல்லுங்க" என்றேன் நான். "மத்தபடி சாதாரணமா இருங்க."

சாதாரணமாக இருப்பது எப்படி என்று அத்தனை பேர் சொல்லிக்கொடுத்தால், எந்த மனிதர்தான் சாதாரணமாக இருப்பார்? லைசென்ஸ் பரிட்சை அன்று நல்ல ஓட்டுநரைக்கூட நான் இப்படித்தான் கெடுப்பேன். தம்பி பாதிச் சிரிப்போடு, கையை மடியில் புதைத்துக்கொண்டு, ஃபோட்டோவுக்கு உட்கார்ந்தவர் போல உள்ளே வந்து உட்கார்ந்தார்.

அதிகாரி நடுவயது அம்மா. மேசையில் ஒரு ஃபிளாஸ்க், பக்கத்தில் அடிக்கடி நின்று நின்று சுற்றும் ஒரு விசிறி. ஓனர் தான் பார்த்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். பனியனைக்கூட விடவில்லை. அதிகாரி எங்களை ஒவ்வொருவராக எழுப்பினார்.

"நீங்க அந்த வீட்டுல குடியிருந்தீங்களா?" என்று மாமாவைக் கேட்டார்.

"இல்லீங்க மேடம். நான் மேல்வீடு."

"வாடகை எதாவது குடுத்தீங்களா?"

"ஒரு பைசா குடுக்கல."

"உங்களுக்குன்னு வீடு இருக்கே. அப்புறம் தினம் மத்தியானம் அங்க என்ன வேல?"

மாமா திரும்பிப் பார்த்தார். பின்வரிசையில் அத்தை உட்கார்ந்திருந்தார், சாட்சி சொல்ல நாங்களே கூட்டிவந்திருந்தோம். மாமா ஒருமுறை எச்சிலை விழுங்கினார். நாற்பது வருடம் வங்கியில் பொய் சொல்லாமல் வேலை பார்த்தவர் என்று அவரே சொல்லிக்கொள்வார். அது அன்றைக்கு வினையாகிவிட்டது.

"வீட்டுல நிம்மதியாத் தூங்க முடியறதில்ல மேடம். கண்ண மூடுனா உடனே எதாவது வேல சொல்லுவா."

அத்தையின் பக்கத்திலிருந்து ஒரு சத்தம் வந்தது. விசிறி என்று எல்லோரும் எண்ணிக்கொண்டோம்.

அடுத்தது புதுசுகள். "எதுக்குப் போனீங்க?" என்ற கேள்விக்கு மாப்பிள்ளையின் காது சிவந்தது. "பேச" என்றான். "என்ன பேச?" என்று கேட்க அதிகாரி வாயெடுத்து, பெண்ணின் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி, உக்காருங்க" என்றார். நல்ல மனுஷி.

பிறகு நான். கணவரும் மாமியாரும் வரவில்லை, அந்த மட்டுக்கும் பிழைத்தேன். "அங்க சத்தமில்ல மேடம். கால ஊறவெச்சுக்கிட்டு சும்மா உக்காந்திருப்பேன். சில நாள் அழுவேன். காரணமெல்லாம் கெடையாது, சும்மா அழ எடம் கெடச்சது, அழுதேன்" என்றேன். ஏன் அவ்வளவும் சொன்னேன் என்று தெரியவில்லை. சொன்னபிறகு உடம்பு லேசானது. நான்குபேர் மானத்தை விட்டு, அது உள்வாடகை இல்லை, வெறும் திருட்டுத்தனம் என்று நிரூபித்தோம்.

அதிகாரி தம்பியின் பக்கம் திரும்பினார். "இவங்க எல்லாம் உங்க வீட்டுக்கு வர்றது உங்களுக்குத் தெரியுமா?"

"வீட்டப் பாத்துக்கங்கன்னு எதிர் வீட்டு அக்காகிட்ட சொன்னேன் மேடம்" என்றார் தம்பி. "இவ்ளோ பாத்துப்பாங்கன்னு தெரியாது."

அதிகாரி முகத்தை ஃபிளாஸ்க்குக்குப் பின்னால் கொண்டுபோனார். தண்ணீர் குடித்தார் என்றுதான் சொல்லவேண்டும்.

ஓனர் எழுந்தார். "மேடம், உள்வாடகைய விடுங்க. நான் மனசாட்சியோட பேசறேன். அன்னிக்கு அந்த பீரோ விழுந்த எடத்துல ஒரு கொழந்த நின்னிருந்தா? எனக்குத் தூக்கமே வரல. மறுபடியும் வராதுன்னு இவரு சொல்லட்டும், நான் கெளம்பறேன்."

வக்கீலம்மா ஏதோ சொல்ல எழுந்தார்; தம்பி அதற்குள் பேசிவிட்டார்.

"வராதுன்னு சொல்ல முடியாது சார்."

அத்தனை தரம் சொல்லியனுப்பினேனே! மாமா தலையில் கைவைத்துக்கொண்டார்.

தம்பி மடியிலிருந்த கையை எடுத்து மேசைமேல் வைத்தார். நடுங்கும் விரல்கள் எல்லோருக்கும் தெரிந்தன. "வரலாம்னு டாக்டர் சொல்லியிருக்காங்க. ரெண்டு நாள் தூக்கமில்லன்னா நானே ஆஸ்பத்திரிக்குப் போகணும். போயிடுவேன். போகலன்னா இழுத்துட்டுப் போங்கன்னு அக்காகிட்ட சொல்லிட்டேன். அந்தக் கம்பிய நான் சரிபண்ணித் தரேன் சார். உங்களுக்குத் தூக்கம் வரலன்னு சொன்னீங்க. எத்தன நாளா?"

அதைக் கிண்டலாகக் கேட்கவில்லை. உண்மையாகவே கவலைப்பட்டுக் கேட்டார். ஓனர் உட்கார்ந்துவிட்டார்.

அதிகாரி அன்றைக்கே சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரியில் இருந்தது வீட்டை விட்டுப்போனது ஆகாது. பக்கத்து வீட்டார் வந்து உட்கார்ந்தது உள்வாடகை ஆகாது, அசட்டுத்தனம் மட்டுமே. ஒருவருக்கு நோய் வந்தது என்பதற்காகவோ, திரும்ப வந்துவிடுமோ என்ற பயத்துக்காகவோ வீட்டைப் பறிக்கச் சட்டத்தில் இடமில்லை. உடைத்ததைச் சரிசெய்துகொடுத்தால் அதோடு அது முடிந்தது. "அப்புறம் சார்," என்றார் ஓனரைப் பார்த்து, "சொல்லாம கொள்ளாம அடுத்தவங்க குடியிருக்கற வீட்ட மறுசாவி போட்டுத் திறந்தீங்களே, அதுக்கு உங்க மேல ஒரு கேஸ் போடலாம், தெரியுமா?" ஓனருக்கு அது தெரியாது. அவர் முகம் போன போக்கைப் பார்த்து எனக்கே பாவமாக இருந்தது, கொஞ்சம்தான்.

எல்லோரும் கூட்டமாக வீட்டுக்குத் திரும்பினோம். தம்பியின் அக்கா வழியிலேயே பஸ் ஏறிவிட்டார், பிள்ளைகளுக்குப் பரிட்சையாம். நான் பெருமையோடு கதவைத் திறந்தேன். பரிட்சையில் பாஸானவளைப் போல இருந்தது எனக்கு. மாமா பழக்கத்தில் நேராகப் போய்ச் சோபாவில் உட்கார்ந்தார். புதுப்பெண் திரையைச் சரிசெய்தாள். காபி போடலாமா என்று மாப்பிள்ளை கேட்டான், அது அவன் வீடு போல.

தம்பி நடுவில் நின்றார். சோபாவைப் பார்த்தார், கண்ணாடியைப் பார்த்தார், என் பலகைகளைப் பார்த்தார். அவருடைய கட்டில் எங்கே என்று தேட வேண்டியிருந்தது. போர்வைக் குவியலுக்குக் கீழே இருந்தது.

"இதெல்லாம் எடுத்துட்டுப் போயிடுங்க" என்றார்.

மாமா சோபாவில் இருந்தபடியே திரும்பிப் பார்த்தார்.

"எல்லாத்தையும். இப்பவே. இறக்குங்க."

இறக்குங்க என்ற அந்த வார்த்தை எங்கள் எல்லோருடைய முதுகிலும் ஓடியது. மாமா மெதுவாக என் காதருகே வந்து, "ஆரம்பிச்சிருச்சோ?" என்றார். புதுப்பெண் மாப்பிள்ளையின் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். நான் கைப்பையில் ஃபோனைத் தேடினேன். அவருடைய அக்கா பஸ்ஸில் எவ்வளவு தூரம் போயிருப்பார், ஆஸ்பத்திரியின் எண் எது என்று மனது அதற்குள் ஓடிவிட்டது.

தம்பி என் கையைப் பார்த்துவிட்டார்.

"அக்கா, ஃபோன உள்ள வைங்க." குரல் உயர்ந்தது. அந்தக் குரலை எடைமேடையில்கூட யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். "கட்டடம் உக்காரும்னு நான் சொல்லல. எனக்குப் புடிக்கல, அதான் சொல்றேன். இத்தன நாள் ஆஸ்பத்திரியில ஒரே ரூம்ல எத்தன பேரோட படுத்திருந்தேன் தெரியுமா? லைட்ட அணைக்கறது அவங்க இஷ்டம், கதவத் திறக்கறது அவங்க இஷ்டம். என் வீட்டுக்குப் போனா கதவச் சாத்திட்டு உக்காரணும்னு தெனம் நெனச்சேன். இங்க வந்து பாத்தா இங்கயும் ஒரு கூட்டம். கோவம் வராதா? இனிமே நான் கோவப்பட்டாலே ஆஸ்பத்திரிக்கு ஃபோன் பண்ணுவீங்களா?"

நான் ஃபோனைப் பையில் போட்டேன். அதைப் போட எவ்வளவு வலு வேண்டியிருந்தது என்று எனக்குத்தான் தெரியும். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது என்று புரிந்தது. புரிந்தாலும் பயம் போகவில்லை. பயத்தோடேயே சோபாவின் ஒரு முனையைத் தூக்கினேன்.

வேகமாகக் காலி பண்ணினோம். அந்த வீட்டில் யாரையாவது காலி பண்ணச் சொல்ல உரிமை உள்ள ஒரே ஆள் சொன்னபிறகு, எங்களுக்கு எந்தச் சட்டமும் துணைக்கு வரவில்லை. சோபா படியில் சிக்கியது. கண்ணாடியை மாப்பிள்ளை தலையில் சுமந்துகொண்டு இறங்கினான். திரையைக் கழற்றும்போது புதுப்பெண்ணின் கண் கலங்கியது. அதைத் தம்பி பார்த்துவிட்டு, "திரை இருக்கட்டும்மா, நல்லாருக்கு" என்றார். அவ்வளவுதான் தள்ளுபடி. நான் பலகைகளை அக்குளில் இடுக்கி, தொட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். நன்றி என்று ஒரு வார்த்தை சொல்வார் என்று வாசலில் கொஞ்சம் நின்றேன். எனக்கும் ரோஷம் உண்டு.

சொல்லவில்லை. கதவைச் சாத்தினார். உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.

மாமா சோபாவோடு படியில் நின்று மூச்சு வாங்கினார். "பாத்தியாம்மா? இவருக்காகக் கோர்ட்டு வரைக்கும் போயி, பொண்டாட்டி முன்னாடி மானத்த விட்டேன். ராத்திரி சோறு கெடைக்குமான்னே தெரியல. மூஞ்சியிலயே சாத்திட்டாரு."

"ஆமா மாமா" என்றேன். என் கண்ணில் தண்ணீர் நின்றது. ரோஷமா, சந்தோஷமா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. சாத்தின கதவுக்கு முன்னால் நின்று அப்படி மனது நிறைந்துபோனது அதுவே முதல்முறை.

மாமா கீழே குனிந்து பார்த்தார். "ஐயோ, என் செருப்பு உள்ள இருக்கு." தட்டுவதற்குக் கையை ஓங்கினார்.

நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். "நாளைக்குக் கேட்டுக்கலாம் மாமா. அவரு வீட்டுல இருக்காரு."